ரேம்பில் கார் ஏற்றி அடியில் படுக்கலாமா? டைல்ஸ் தரையில் ரேம்ப் ஓடுகிறது

கேள்வி: வீட்டிலேயே ஆயில் மாற்றலாம் என்று, முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் சரிவுப் பலகை, அதாவது பிளாஸ்டிக் ரேம்ப், ஒரு ஜோடி வாங்கினேன். கார் நிற்கும் இடம் வழவழ டைல்ஸ். சக்கரம் தொட்டதுமே இரண்டு ரேம்பும் முன்னால் ஓடிவிட்டன. இது உடைந்தால் ஆள் காலி, ஜாக்கியில் தூக்கிய காருக்கு முட்டுக் கொடுக்கும் ஜாக்கி ஸ்டாண்டே வாங்கு என்கிறார் அண்ணன். முன்சக்கர இழுவை கார், சுமார் 1200 கிலோ. ரேம்ப் தாங்குமா?

மார்ச் 3, இரவு 9:40

தாங்கும். கணக்கு சின்னதுதான். இன்ஜின் முன்னால் இருக்கும் காரில் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன் அச்சில். 1200 கிலோவில் 720. ஒரு ரேம்புக்கு 360. ஒழுங்காகச் செய்த ரேம்புக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் ரேம்பில் அச்சிட்டிருக்கும் எண்ணை ஒரு தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். சிலர் ஜோடிக்குச் சேர்த்துப் போடுகிறார்கள், சிலர் ஒன்றுக்குப் போடுகிறார்கள், சிலர் முழு வண்டி எடையைப் போடுகிறார்கள். மூன்றும் வேறு வேறு கணக்கு.

பயப்பட வேண்டியது உடைவதற்கு இல்லை, நழுவுவதற்கு. உங்கள் ரேம்ப் ஏற்கெனவே அதைச் சொல்லிவிட்டது. முன்சக்கர இழுவை என்பதால்தான் ரேம்பை முன்னால் தள்ளுகிறது. பின்சக்கர இழுவை வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அடியில் ரப்பர் பாய் போடுங்கள், முடிந்தது.

மார்ச் 4, காலை 6:15

நேற்று எழுதியதில் கடைசி மூன்று வரி தப்பு. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. தலைகீழாக எழுதியிருக்கிறேன்.

சரி, முதலிலிருந்து. சக்கரம் ரேம்பின் சரிவில் முழுதாக ஏறிவிட்டது என்று வையுங்கள். வண்டியின் எடை சரிவை அழுத்துகிறது, அதனால் ரேம்பை முன்னால் நகர்த்தப் பார்க்கிறது. அதே நேரம் அந்தச் சக்கரமே சுழன்று ஏறுகிறது என்றால் டயர் ரேம்பைப் பின்னால், அதாவது காருக்கு அடியில் இழுக்கிறது. மெதுவாக ஏறினால் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று தின்றுவிடும். ரேம்ப் சும்மா நிற்கும். முன்சக்கர இழுவைக்கு நடப்பது இதுதான்.

பின்சக்கர இழுவையில் முன்சக்கரம் சும்மா உருள்கிறது, பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். ரேம்பைப் பின்னால் இழுக்க யாரும் இல்லை. முன்னால் தள்ளுவது மட்டும் மிச்சம். 60 செ.மீ. நீளத்தில் 18 செ.மீ. ஏறும் சரிவு என்றால் 360 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 108 கிலோ தள்ளல். அதைத் தரையின் பிடிப்பு தாங்கியாக வேண்டும். சொரசொரப்பான சிமென்ட் தரை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். தூசி படிந்த டைல்ஸ் தாங்காது. ஆக, கூடுதலாகக் கவலைப்பட வேண்டியவர் பின்சக்கர இழுவைக்காரர்தான்.

அப்படியென்றால் உங்கள் முன்சக்கர இழுவை கார் ஏன் தள்ளியது? இதற்கு எனக்கு இப்போது பதில் இல்லை. வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

மார்ச் 4, மதியம் 1:50

பதில் கிடைத்தது, சாப்பிடும்போது. தட்டை ரேம்பாகவும் டம்ளரைச் சக்கரமாகவும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவர் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார்.

தொல்லை முதல் இரண்டு அங்குலத்தில்தான். டயர் அப்போதும் தரையில்தான் நிற்கிறது, பிடிப்பும் தரையிலிருந்துதான் வருகிறது. ரேம்பின் நுனியை அது தொடுகிறது, அவ்வளவே. ரேம்பின் மேல் இன்னும் எடை ஏறவில்லை, ஐந்தாறு கிலோ பிளாஸ்டிக் அது, விளக்குமாறு குப்பையைத் தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டு போகிறது. எடை ஒரு தடவை ஏறிவிட்டால் அப்புறம் ரேம்ப் நகராது. நகராது என்பது மெதுவாகப் போனால். பயந்துபோய் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்சக்கர இழுவையில் ரேம்ப் பின்னால் சீறிக்கொண்டு காருக்கு அடியில் வரும். அதையும் பார்த்திருக்கிறேன்.

எனவே பாய் போடும் முறை முக்கியம். ரேம்புக்கு அடியில் மட்டும் சதுரமாக வெட்டிப் போட்டால் பாயோடு சேர்ந்து ஓடும். நீளமாக வெட்டுங்கள். ரேம்ப் முழுக்க அதன் மேல் உட்கார வேண்டும், பின்பக்கம் இன்னும் முக்கால் மீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். காரை முதலில் அந்த மிச்சத்தின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். இப்போது பாயை உங்கள் காரே மிதித்துக்கொண்டிருக்கிறது. டயர் சுழலும்போது பாயைத் தன் பக்கம் இழுக்கும், பாய் ரேம்பைத் தன்னோடு இழுக்கும். ரேம்ப் டயரைத் தேடி வரும், விலகி ஓடாது. பழைய தரைவிரிப்பு ரப்பர், லாரி டியூபை வெட்டிய பட்டை, எது வேண்டுமானாலும் ஆகும். டைல்ஸையும் பாயின் அடிப்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். மணல் இருந்தால் பாய் உருளும்.

சுவரில் ரேம்பை முட்டவைத்து ஏற்றலாமே என்று கேட்பீர்கள். ஏற்றலாம். மேலே போய் நிற்காமல் தாண்டினால் பம்பர் நேராகச் சுவரில். நடுவில் நீளக் கட்டை கொடுத்து முட்டவைத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

மார்ச் 6, இரவு 10:05

தாண்டினால் என்று எழுதியதும் பழைய கதை ஞாபகம் வந்தது. சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

முதன்முதலில் ரேம்ப் வாங்கின வருஷம். தம்பியை முன்னால் நிற்கச் சொன்னேன். நேர் முன்னால் இல்லை, பக்கத்தில்தான், அந்த மட்டும் புத்தி இருந்தது. இன்ஜின் சத்தம், கண்ணாடி பாதி இறக்கியிருக்கிறது. “வரட்டும்... வரட்டும்...” என்கிறான். சக்கரம் மேல்தட்டுக்கு வந்தது. “போதும்!” என்று கத்தினான். எனக்குக் கேட்டது “போ” மட்டும். போனேன்.

டக் என்று ஒரு சத்தம், அப்புறம் பிளாஸ்டிக் முனகுகிற சத்தம், அப்புறம் அமைதி. இடது சக்கரம் ரேம்பின் முன்பக்கத் தடுப்பைத் தாண்டித் தரையில் இறங்கிவிட்டது. ரேம்ப் சக்கரத்துக்குப் பின்னால், காரின் வயிற்றில் குத்திக்கொண்டு நிற்கிறது. வலது சக்கரம் இன்னும் மேலே. ஏன் இடது மட்டும்? இரண்டு ரேம்பும் ஒரே வரிசையில் இல்லை, இடது ஒரு சாண் பின்தங்கி இருந்திருக்கிறது. அந்தச் சக்கரம் முன்கூட்டியே உச்சிக்குப் போய்விட்டது.

அப்படியே ரிவர்ஸ் எடுக்கலாம் என்று கை கியருக்குப் போனது. நல்லவேளை, தம்பி கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கினான். பின்னால் இழுத்திருந்தால் ரேம்பின் விளிம்பு அடிப்பக்கத்தில் எதைக் கிழித்திருக்கும் என்று சொல்ல முடியாது. பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பக்கவாட்டில் ஜாக்கி வைக்கும் இடத்தில் தூக்கி, ரேம்பை நீளக் கம்பால் தள்ளி எடுத்து, மெல்ல இறக்கினோம். ரேம்பின் உதடு பிய்ந்துவிட்டது, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் ஒரு விரிசல். தம்பி பத்து நாள் பேசவில்லை. நான்தான் அவனைச் செவிடன் என்று திட்டியிருந்தேன். யார் செவிடன் என்பது இன்னும் வீட்டில் முடிவாகவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிறுத்தும் சொல் “நில்”. “போதும்”, “போகட்டும்”, “போ” மூன்றும் தடை. கையும் உண்டு. விரித்த உள்ளங்கை என்றால் கால் பிரேக்குக்குப் போக வேண்டும், காது கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

மார்ச் 7, காலை 7:30

தனியாக ஏற்றுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், நானும் செய்கிறேன். பக்கத்தில் ஆள் இருப்பதற்கு ஈடாகாது.

ஸ்டியரிங் நேராக. ரேம்ப் இரண்டும் டயரை ஒட்டி, நடுவில் பொருந்த. முதலில் டயர் இரண்டும் ஒரே நேரத்தில் நுனியைத் தொடுகிறதா என்று பார்க்க ஒரு தடவை தொட்டு நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். சோம்பல் பார்க்காமல் இறங்குங்கள். பிறகு போனை வீடியோவில் போட்டு ஒரு பக்கம் தரையில் சாய்த்து வைத்துவிட்டு ஏற்றிப் பார்த்தால், இரண்டாம் தடவைக்கு உடம்பே பழகிவிடும். மேல்தட்டில் ஒரு குழிவு இருக்கும். சக்கரம் அதில் விழும்போது மூக்கு லேசாகத் தாழும், இருக்கையில் அது தெரியும். தெரிந்ததும் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் நிறுத்திவிட்டால் சரிவில் தொங்குகிறீர்கள், பின்னால் நிறுத்தினால் என் கதை.

கிளட்ச் வண்டியில் அரை கிளட்சில் ஒரே மூச்சாக ஏறுவது நல்லது. நடுச் சரிவில் நின்று மறுபடி கிளம்பினால்தான் குதிக்கும். ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் தானாக ஊர்ந்து ஏறாது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கேட்கும், உச்சிக்கு வந்ததும் பாயும். இடது காலை பிரேக்கில் மெல்ல வைத்துக்கொண்டு ஏற்றுவது இந்த ஒரு இடத்தில் மட்டும் மன்னிக்கலாம்.

மார்ச் 7, காலை 7:42

சாலையில் அந்த இடது கால் பழக்கத்தைக் கொண்டுபோய்விடாதீர்கள். நான் எழுதியது ரேம்புக்கு.

மார்ச் 8, இரவு 11:20

ஜாக்கி ஸ்டாண்டா ரேம்பா என்ற அண்ணன் கேள்விக்கு வருகிறேன், அது நியாயமான கேள்வி.

வெறும் ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் கை கூட நீட்டக்கூடாது. இதில் அண்ணனும் நானும் ஒரே கட்சி. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கியில் ஒரு சின்ன சீல் கசிந்தால் போதும், வண்டி இறங்கத் தொடங்கிவிடும்.

ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கும் ரேம்பில் நிற்கும் வண்டிக்கும் வித்தியாசம், ரேம்பில் கார் தன் சொந்தக் காலில் நிற்கிறது. சக்கரத்தின் மேல், ஸ்பிரிங்கின் மேல். எந்த இடத்தில் முட்டுக் கொடுப்பது என்று தேட வேண்டாம், துருப்பிடித்த விளிம்பு மடங்குமோ என்ற கவலை வேண்டாம். ஸ்டாண்டு வைக்கும்போது ஒவ்வொரு பக்கமாக ஜாக்கியில் தூக்கி இறக்குகிற அந்த ஐந்து நிமிஷம்தான் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். ரேம்பில் அது இல்லை.

ஆனால் ரேம்பில் சக்கரத்தைக் கழற்ற முடியாது. பிரேக், வீல் பேரிங், ஷாக், எதுவும் நடக்காது. ஆயில், சைலன்சர், அடிக் கவர், கசிவு தேடுவது, துரு பார்ப்பது, இவ்வளவுக்குத்தான். சஸ்பென்ஷன் வேலைக்கு ரேம்ப் உதவவே உதவாது.

மார்ச் 9, காலை 8:10

“உதவவே உதவாது” என்பதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு வேலைக்கு ரேம்புதான் சரி. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கீழ் ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ் மாற்றினால், அந்தப் பெரிய போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அந்த முறுக்கிலேயே வாழ்நாளைக் கழிக்கும், சீக்கிரம் கிழியும். ஸ்டாண்டில் கழற்றி மாட்டி, ரேம்பில் ஏற்றி இறுக்கு. இதை நான் மூன்று புஷ் கிழிந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

மார்ச் 9, மாலை 5:30

கட்டை பற்றி எழுத மறந்தே போனேன், இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

முன்பக்கம் ரேம்பில் ஏறினால் வண்டி பின்னால் உருளப் பார்க்கும். எனவே கட்டை பின்சக்கரங்களுக்குப் பின்னால். இரண்டு பக்கமும். கைபிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது, அவை தரையில் இருக்கின்றன, நல்லது. ரிவர்ஸில் ஏற்றிப் பின்பக்கத்தைத் தூக்கினால் எல்லாம் மாறும். கைபிரேக் பிடிக்கும் சக்கரங்கள் ரேம்பின் மேலே, தரையில் இருப்பது எதுவும் பிடிக்காத முன்சக்கரங்கள், வண்டி முன்னால் உருளப் பார்க்கும். கட்டை முன்சக்கரங்களுக்கு முன்னால் வர வேண்டும். பழக்க தோஷத்தில் பின்னால் வைத்துவிட்டு அடியில் படுத்த ஒருவரை நானே எழுப்பியிருக்கிறேன்.

கியரில் போட்டிருக்கிறேனே என்று நம்பாதீர்கள். இழுவைச் சக்கரங்களில் ஒன்று காற்றில் தூக்கியிருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தை இஷ்டத்துக்குச் சுழலவிடும், தரையில் இருக்கும் மற்றது உருளும். கியர் இரண்டாம் காவல்தான்.

முட்டுக்கட்டை போடாதே என்று ஊரெல்லாம் திட்டுவார்கள். முட்டுக்கட்டைக்கு மரியாதை கிடைக்கும் ஒரே தொழில் இதுதான்.

மார்ச் 10, இரவு 9:15

ஏறியாயிற்று என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். நீளப் பாய் வேலை செய்தது, ரேம்ப் ஒரு நூல் கூட நகரவில்லை. சந்தோஷம். ஆனால் அடியில் இடம் இல்லை, மூக்கு இன்ஜினில் இடிக்கிறது என்கிறார்.

அது எதிர்பார்த்ததுதான். 18 செ.மீ. ரேம்ப் என்றால் முன்சக்கரத்துக்கு நேரே 18 செ.மீ. கூடுகிறது. காரின் நடுவில் பாதி, 9. பின்சக்கரத்துக்கு நேரே பூஜ்யம். சாதாரணக் காரின் அடி இடைவெளி 17 செ.மீ. என்றால் உங்கள் முகத்துக்கு மேலே 35 செ.மீ. சொச்சம். உருளும் படுக்கைப் பலகை போட்டால் அதிலேயே 10 செ.மீ. போய்விடும். பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதில் முதுகால் நகருங்கள். சிந்திய ஆயிலையும் அதுவே குடித்துக்கொள்ளும். காலை முன்னால் விட்டு நுழையாதீர்கள், பம்பர் பக்கமிருந்து தலை முதலில். வேலை இருக்கிற இடம் முன்னால்தான். வெளியே வரவும் சுலபம். என் தொப்பை விஷயத்தில் சுலபம் என்பது உபசார வார்த்தை.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். படிப்பதற்கு இல்லை, மேலேயிருந்து துரு கண்ணில் விழாமல் இருக்க. மல்லாந்து படுத்து ஸ்பேனரைத் திருப்பினால் பொடி நேராக இமைக்குள் வரும்.

இன்னொன்று. ஏற்றியதும் அடியில் போகாதீர்கள். வெளியே நின்று பானெட் ஓரத்தில் கை வைத்து நன்றாக உலுக்குங்கள், பக்கவாட்டிலும் முன்னும் பின்னும். ஆடினால் இப்போதே ஆடட்டும்.

மார்ச் 10, இரவு 9:40

சாவி உங்கள் சட்டைப்பையில். காரில் இல்லை, மேசையில் இல்லை.

நான் ஆயில் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன், சொட்டச் சொட்டக் கை முழுக்க ஆயில். கார் லேசாக ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. மேலே கதவு சாத்தும் சத்தம். பையன் பள்ளியிலிருந்து வந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். “அப்பா, நீ எங்கே இருக்கே?” என்கிறான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. நான் இருக்கும் இடத்தைச் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. ரேம்ப் அசையவில்லை, கட்டை அசையவில்லை. எனக்குள்தான் எல்லாம் அசைந்தது. அன்றிலிருந்து சாவி பையில், கதவுகள் பூட்டி, வீட்டில் ஒருவரிடம் “அடியில் இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பேன். ஹைபிரிட் வண்டி என்றால் இன்னும் கறார் வேண்டும், ஆன் ஆகியிருந்தால் அதன் இன்ஜின் தானாகவே கிளம்பும்.

மார்ச் 13, காலை 6:50

ஆயில் பக்கம் பேச்சு போய்விட்டதால் இரண்டு வார்த்தை.

முன்பக்கம் 18 செ.மீ. தூக்கினால் இரண்டரை மீட்டர் சக்கர இடைவெளிக்குச் சாய்வு சுமார் 4 டிகிரி. உங்கள் ஆயில் சேம்பரில் பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் பின்பக்கம் பார்த்து இருந்தால் இந்தச் சாய்வு உதவும், கடைசிச் சொட்டு வரை இறங்கும். முன்பக்கம் பார்த்து இருந்தால் கொஞ்சம் ஆயில் பின்னால் தேங்கும். அந்த வண்டிகளைப் பின்பக்கம் ஏற்றுவது சரி. ஆயில் அளவுகோலை (டிப்ஸ்டிக்) உருவிப் பார்ப்பது கண்டிப்பாகச் சமதரையில் இறக்கிய பிறகு. கியர்பாக்ஸ் ஆயில் நிரப்பும் துளைவரை நிரப்ப வேண்டிய வகை என்றால் இரண்டு ரேம்ப் போதாது, நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சாய்வில் நிரப்பினால் அளவு தப்பும்.

இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கக்கூடாது. கடைசி இரண்டு சுற்றை விரலால் திருப்பும்போது போல்ட்டை மேலே அழுத்திக்கொண்டே திருப்பி, சட்டென்று விலக்குங்கள். எத்தனை வருஷம் செய்தாலும் முழங்கை வரை ஆயில் ஓடும் என்பது வேறு விஷயம். போல்ட் தட்டில் விழும், அதைக் கறுப்பு ஆயிலில் துழாவுவீர்கள். எல்லோரும் துழாவியிருக்கிறோம்.

வாஷர் புதிது போடுங்கள். செம்பு வாஷர் என்றால் சிவக்கச் சுட்டு ஆறவிட்டால் மறுபடி மெத்தென்று ஆகும், அவசரத்துக்கு ஒரு தடவை ஓட்டலாம். அலுமினியம் என்றால் தூக்கிப் போடுங்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். மல்லாந்து படுத்திருக்கும்போது கைக்கு வலு தெரியாது, அதிகம் இறுக்கி மரை தேய்த்தவர்கள்தான் அதிகம். ஃபில்டரைக் கையால் திருகி, ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று, போதும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சும்.

மார்ச் 15, இரவு 8:30

மரத்தில் செய்யலாமா? செய்யலாம், நான் இப்போது பயன்படுத்துவதே மரம்தான். தாழ்ந்த பம்பர் வண்டிக்கு வாங்கும் ரேம்ப் உதவாது, சக்கரம் தொடும் முன் பம்பர் உதடு தேயும். சரிவு நீளமாக வேண்டும்.

4 செ.மீ. கனமான பலகை நாலு அடுக்கு, 16 செ.மீ. உயரம். மேல் பலகை 35 செ.மீ., ஒவ்வொரு கீழ்ப் பலகையும் அதைவிட 25 செ.மீ. நீளம், அடியில் 110. அகலம் டயரைவிட நாலு விரல் கூட இருக்கட்டும். ஆணி வேண்டாம், திருகு. அடிப்பக்கமிருந்து, மேலே நுனி எட்டிப் பார்க்காமல். மேல் பலகையின் முன்னால் குறுக்கே ஒரு நல்ல உயரமான கட்டை, என் “போ” கதை மறுபடி நடக்காமல் இருக்க. அடியில் டியூப் ரப்பரை ஒட்டினேன். பலகைமேல் பலகை என்பதால் உள்ளே வெற்றிடம் இல்லை, நசுங்க எதுவும் இல்லை. கனம்தான் தொல்லை. தூக்கிப் போய் வைப்பதற்குள் ஆயில் மாற்றும் ஆசை போய்விடும்.

செங்கல், உள்ளீடற்ற சிமென்ட் கல் இரண்டும் வேண்டாம். அவை வளைந்து எச்சரிக்காது. நிற்கும் நிற்கும், திடீரென்று தூளாகும்.

இரும்பு ரேம்ப் வைத்திருப்பவர்கள் பற்றவைத்த இடங்களையும் குழாய்க்குள் துருவையும் பார்க்கட்டும். மண் தரையில் அதன் கால் புதையும், ஒரு பக்கம் மட்டும் புதைந்தால் வண்டி சாயும். பிளாஸ்டிக் வைத்திருப்பவர்கள் வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கட்டும், பாரம் தாங்காமல் முறுகிய இடம் அப்படித்தான் வெளுக்கும். வெயிலில் போட்டு வைக்காதீர்கள். அடியில் கூழாங்கல் ஒன்று இருந்தாலும் எல்லா எடையும் அந்தப் புள்ளியில் வரும். முதல் நாள் “உடைவதற்குப் பயப்பட வேண்டாம்” என்று எழுதினேன் அல்லவா? கூழாங்கல்லைப் பெருக்கிவிட்டுப் பயப்பட வேண்டாம் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

மார்ச் 18, காலை 7:05

கேட்டவரின் புதுக் கவலை: ஆயில் மாற்றி எட்டு நாள், டைல்ஸில் தினம் ஒரு நாணய அளவு கறுப்புப் பொட்டு. வாஷர் புதிது, ஃபில்டரும் புதிது. போல்ட்டை இன்னும் இறுக்கலாமா?

இறுக்காதீர்கள். மறுபடி ஏற்றுங்கள். போல்ட்டைச் சுற்றியும் ஃபில்டரைச் சுற்றியும் துணியால் காயத் துடைத்து, வெள்ளைக் காகிதம் சுற்றிக் கட்டி, பத்து நிமிஷம் ஓட விட்டு அணைத்துவிட்டு, அப்புறம் அடியில் போய்ப் பாருங்கள். ஓடும்போது அடியில் போகாதீர்கள். கதவு சாத்திய இடத்தில் ஓட விடவும் கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது.

மார்ச் 20, இரவு 10:30

காகிதம் இரண்டும் வெள்ளையாகவே இருந்ததாம். பொட்டு மட்டும் விழுகிறதாம். எனக்கும் ஒரு நாள் குழப்பம். பிறகு கேட்டேன்: அடிக் கவரைக் கழற்றினீர்களா, அல்லது அதில் இருக்கும் சின்ன மூடி வழியாகவே வேலையை முடித்தீர்களா?

மூடி வழியாக.

அதேதான். ஃபில்டரைக் கழற்றும்போது வழிந்த ஒரு கரண்டி ஆயில் கவரின் மடிப்புக்குள் போய்த் தேங்கியிருக்கிறது. வண்டி ரேம்பில் மூக்கைத் தூக்கியிருந்தபோது பின்பக்கம் தேங்கியது, இறக்கிச் சமமாக நின்றதும் மெல்ல மெல்ல ஓரமாக வந்து சொட்டுகிறது. என் காரில் இதே மாதிரி நடந்தபோது நான் போல்ட்டை இறுக்கி, இன்னும் இறுக்கி, கடைசியில் ஆயில் சேம்பரின் மரையைத் தின்றேன். வேறு ஆள் அதே பள்ளத்தில் விழாமல் தடுத்ததில் ஒரு அற்ப சந்தோஷம்.

கவரைக் கழற்றுங்கள், துடையுங்கள். பத்துப் பன்னிரண்டு கிளிப் இருக்கும், இரண்டு உடையும். உடையாமல் கழற்றியவரை நான் பார்த்ததில்லை.

இறக்கும்போது கட்டையை எடுத்துவிட்டு இறக்குங்கள். போன தடவை நான் எடுக்காமல் ரிவர்ஸ் போட்டுவிட்டு, கார் ஏன் முக்குகிறது என்று கிளட்சைச் சந்தேகப்பட்டேன்.

மார்ச் 28, காலை 6:20

அண்ணனும் வந்து பார்த்தாராம். ரேம்பைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, “ஸ்பேர் டயரை எடுத்து அடியில் போட்டுக்கோடா, அது சும்மாதானே கிடக்கு” என்றாராம்.

அண்ணன் சொல்வது சரி. இவ்வளவு எழுதியும் எனக்குத் தோன்றாமல் போனது. ஓரத்துப் பட்டைக்கு அடியில், உங்கள் மார்புக்குப் பக்கத்தில், டயரைப் படுக்க வைத்துவிடுங்கள். எல்லாம் தப்பாகிக் கார் இறங்கினாலும் முதலில் அதன் மேல் உட்காரும். நானும் இன்று முதல் போடுகிறேன்.

ஏப்ரல் 2, இரவு 9:00

கேட்டவர் தகவல்: கவரைக் கழற்றித் துடைத்து மாட்டினார், மூன்று கிளிப் உடைந்தது. ராத்திரி காருக்கு அடியில் அட்டை விரித்து வைத்து, காலையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். நடுவில் ஒரு பெரிய ஈர வட்டம். பதறிப்போய் எனக்குப் படம் எடுத்து அனுப்பினார்.

தொட்டு மோந்து பாருங்கள் என்றேன். தண்ணீர். ஏசி.